ஆறு மார்க்

என் ஓரகத்திக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். "எனக்கு என்னக்கா தெரியும்?" என்று வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சிரிப்பாள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், கிழிந்த பைக்கு வார் தைத்துக் கொடுப்பாள். கீழ்வீட்டு முன்னறையில் ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு பெரிய மேஜை, அதன்மேல் ஊரார் துணிமணி. அவ்வளவுதான் அவள் உலகம். மேல்வீட்டில் நான். இரண்டு பட்டம் வாங்கியவள், பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவள், வருஷத்தில் ஒரு பருவம் நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, சேர விண்ணப்பித்த பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்து மார்க் போடுகிறவள். இப்படி இருக்கும்போது யாருக்கு யார்மேல் பொறாமை வர வேண்டும்? நியாயமாக அவளுக்கு என்மேல் வர வேண்டும். வரவில்லை. பாழாய்ப்போன பொறாமை மொத்தமும் படியேறி மேலே என்னிடமே வந்து குடியேறியது.

காரணம் கேட்டால் பட்டியல் போட முடியாது. என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தால் முதலில் கீழ்வீட்டில் தன் தம்பியோடு பத்து நிமிஷம் பேசிச் சிரித்துவிட்டுத்தான் மேலே வருவார், மேலே வரும்போது சிரிப்பு தீர்ந்துபோயிருக்கும். தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போவார், ஏனென்றால் அவள் கதவு எப்போதும் திறந்திருக்கும். என் மகள் பாப்பா சின்ன வயதிலிருந்தே பள்ளி விட்டால் நேரே சித்தியிடம்தான். நான் மாலை வகுப்பு முடித்து, விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு வரும்வரை அவள் அங்கேதான் இருப்பாள். அது ஒரு ஏற்பாடு, வசதி, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஓரகத்தியின் மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஓரகத்தி மகளின் பெயர் யாருக்கும் நினைவில்லை, எல்லாருக்கும் அவள் வாலு. நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாது, வாய் மூடத் தெரியாது. பாப்பா நேர்மாறு. அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

அன்று சாயங்காலம் நான் படியில் கால் வைக்கும்போதே வாலு கீழ்வீட்டு வாசலிலிருந்து கத்தினாள்.

"பெரியம்மா! நானும் உங்க யுனிவர்சிட்டிக்குப் போட்டிருக்கேன்!"

நின்றேன். "எங்க யுனிவர்சிட்டிக்கா?"

ஓரகத்தி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "கெடைக்குமான்னெல்லாம் தெரியாதுக்கா. சும்மா போட்டுப் பாக்கறேன்னா."

"சும்மா போட்டுப் பாக்கற எடமா அது? ஊரே போடும். விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் எடுப்பாங்க."

"அதேதான் நானும் சொன்னேன். நம்ம பாப்பா போட்டாலாவது அர்த்தம் இருக்கு. அவ யோசிக்கற பொண்ணு."

அவள் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் பாப்பா போடவில்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. "எனக்கு அதெல்லாம் வேணாம்மா, பக்கத்துக் காலேஜ் போதும்" என்ற ஒரே பதில். அன்றும் பையைக் கீழே வைக்காமலேயே போய் அவள் முன்னால் நின்றேன்.

"வாலு போட்டிருக்காளாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு பக்கம் ஒழுங்கா உக்காந்து படிக்கத் தெரியாதவளுக்கு இருக்கற துணிச்சல் உனக்கு இல்லையே!"

அவள் புத்தகத்தை மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டாள். எங்கே போவாள், சித்தியிடம்தான்.

"ரெண்டும் நம்ம பிள்ளைங்கதானே. யாருக்குக் கெடைச்சா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் அவர் எழுந்துபோய்த் தன் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மூக்கிலேயே இருந்தது.

இனி எங்கள் வாசிப்புக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் நீளமான அறை, வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு விளக்கு. பரீட்சை மார்க்கில் தேறிய பிள்ளைகளின் டைப் அடித்த கட்டுரைகள்தான் எங்களிடம் வரும். அந்தப் பிள்ளைகள் எல்லாருமே கெட்டிக்காரர்கள் என்பதால், இடம் கிடைப்பதும் கிடைக்காததும் கடைசியில் இந்தக் கட்டுரையில்தான் தொங்கும். ஒரு கட்டுரையை இரண்டு பேர் படிப்போம். ஆளுக்குப் பத்துக்கு ஒரு மார்க், கீழே கருத்தாக ஒரே ஒரு வரி. இரண்டு மார்க்குக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்தால், அதாவது மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், மூன்றாவது ஆள் படிப்பார்.

முன்பெல்லாம் பெயர் ஊர் எல்லாம் தெரியும்படிதான் வந்தது. "என் தாத்தா இங்கேதான் படித்தார்", "விடுதிக் கட்டடத்தின்மேல் இருப்பது என் மாமாவின் பெயர்" என்று பிள்ளைகள் போகிற போக்கில் எழுதிவைக்கும். படிக்கிறவர் கை தானாக ஒரு மார்க் கூடப் போட்டுவிடும். வெளியே ஒரு வருஷம் இது பெரிய சண்டையாக வெடித்தது. அதற்குப் பிறகுதான் கறுப்புப் பட்டை வந்தது. ஆள் பெயர், பள்ளிப் பெயர், தெருப் பெயர், அப்பா, அம்மா, தாத்தா, மாமா என்று எந்த உறவுச் சொல்லும் எங்கள் கண்ணில் படக்கூடாது. அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், எல்லாவற்றையும் தடித்த பேனாவால் அடித்துத்தான் உள்ளே அனுப்புவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மைக்காரம்மா. தொழிலையும் அடிக்கலாமா என்று ஒரு கூட்டம்கூட நடந்தது. அதையும் அடித்தால் முற்றுப்புள்ளி மட்டும்தான் மிஞ்சும் என்று விட்டுவிட்டார்கள்.

இத்தனை அடித்தும் சில பிள்ளைகளை அடையாளம் தெரிந்துவிடும். அதற்குத்தான் வாசல் பக்கத்தில் ஒரு மஞ்சள் தட்டு. தெரிந்த பிள்ளையின் கட்டுரை என்று சந்தேகம் வந்தாலே எடுத்துக்கொண்டு போய் அதில் வைத்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், வேறு ஆளுக்குப் போய்விடும். வைக்கத் தவறியவர் முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் வாசிப்புக் கூடத்தின் தலைமை மேடத்திடம் வந்து சொன்னால் கட்டுரையைப் புதிய ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். சொன்னவருக்கு அதோடு நாற்காலி போய்விடும். அப்படி யாரும் வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மஞ்சள் தட்டை நான் மதித்தவள். சக ஆசிரியையின் மகன், எதிர்வீட்டுப் பெண், எங்கள் பல் டாக்டரின் பிள்ளை என்று எத்தனையோ கட்டுரைகளை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்து அந்தத் தட்டில் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நியாயத்தைப் பற்றி வகுப்பெடுப்பதும் நான்தான். இந்தப் பருவம் ஆரம்பிக்கும்போதே தலைமை மேடத்திடம், "என் கொழுந்தனார் பொண்ணு போட்டிருக்கா" என்று நானாகவே சொன்னேன்.

"கைக்கு வந்தா தட்டுல வச்சிருங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார் அவர்.

வந்தது.

ஒரு மதியம், தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். உன்னை உருவாக்கிய ஒருவரைப் பற்றி எழுது என்பது அந்த வருஷத் தலைப்பு. அதுவரை படித்ததில் பாதிப் பிள்ளைகளை யாரோ ஒரு விஞ்ஞானி உருவாக்கியிருந்தார், மீதிப் பாதியைத் தோல்வி உருவாக்கியிருந்தது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

"████ பேன்ட் நீளத்தைக் குறைக்கும்போது மிச்சத் துணியை வெட்டவே மாட்டார். உள்ளே மடித்து வைத்துத் தைப்பார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, வெட்டிட்டா அவ்வளவுதான், மடிச்சு வச்சா பிள்ளை வளரும்போது பிரிச்சு விட்டுக்கலாம் என்பார். எனக்குத் தெரியாத எதையும் அவர் குறை என்று சொன்னதில்லை. இன்னும் பிரிக்காத மடிப்பு என்றுதான் நினைத்தார் போல."

குண்டூசி என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் படித்தேன். வெட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தது. அளவெடுக்கும் நாடாவில் எண்கள் கற்றது. தைக்க வரும் துணிகளின் பாக்கெட்டில் கிடைக்கும் சில்லறையையும் பஸ் டிக்கெட்டையும் ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்து, உரியவர் வந்ததும் ஞாபகமாகத் திருப்பிக் கொடுப்பது. எழுதிய பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் மெஷினை மெல்ல மிதித்தது, "சத்தமே இல்லாவிட்டால் எனக்குப் பயம் என்றும், அதிகமானால் தலைவலி என்றும் அவருக்குத் தெரியும்." கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "சாயங்காலம் நான் மாடிப்படி ஏறும்போது அந்தச் சத்தம் பின்னாலேயே வரும். அது கேட்கும்வரை நான் தனியாக இல்லை."

நல்ல கட்டுரை. நல்லது என்ன நல்லது, அந்தப் பருவத்தில் நான் படித்ததிலேயே அதுதான் சிறந்தது. நெகிழ்ந்துபோனேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் உட்காரத் தெரியாத அந்த வாலு, தன் அம்மாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாள். ஒன்றும் தெரியாத ஓரகத்தி, பேன்ட் மடித்துத் தைத்தே ஒரு பெண்ணை இப்படி வளர்த்துவிட்டாள். என் மகள் என்னைப் பற்றி எழுதினால் என்ன எழுதுவாள்? அம்மா விடைத்தாள் திருத்துவார். அம்மா கேள்வி கேட்பார். ஒரு வரி, கூடிப்போனால் இரண்டு வரி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதைப் பற்றிய பொறாமைகூட இல்லை அது. இப்படி ஒரு பக்கம் என்னைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள் என்று தெரிந்ததில் வந்த பொறாமை.

எழுந்தேன். மஞ்சள் தட்டுவரை போனேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். தட்டு காலியாக இருந்தது. இதை வைத்தால் வேறு ஒருவர் கைக்குப் போகும், அவர் ஒன்பது போடுவார். முதலில் படித்தவரின் சுருக்கக் கையெழுத்து உறையின்மேல் இருந்தது. அது தாராளம் சார். ஓய்வு பெற்ற பேராசிரியர், கண்கலங்கினால் ஒன்பதுக்குக் குறைத்துப் போட அவர் கைக்கு வராது. அதனால்தான் அந்தப் பெயர். ஒன்பதும் ஒன்பதும் சேர்ந்தால் வாலுவுக்குப் பல்கலைக்கழகம். வாசலில் நின்று அவள் கத்துவது என் காதில் அப்போதே விழுந்தது.

தேநீர் எடுக்க எழுந்தவள் மாதிரி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே திரும்பினேன்.

தாராளம் சார் ஒன்பது என்றால் நான் ஐந்து போடக்கூடாது. பள்ளம் தெரிந்துவிடும், மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள். ஆறு போடலாம். ஆறு யார் கண்ணையும் உறுத்தாது. மற்ற இடங்களில் அது நல்ல மார்க்கூட. இங்கே, முடியளவே இடைவெளி விட்டுப் பிள்ளைகள் முட்டி நிற்கும் இந்த வரிசையில், ஆறு என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். இத்தனை வருஷம் நியாயமாக மார்க் போடுவதற்காகக் கற்றுக்கொண்ட கணக்கெல்லாம் அன்றைக்கு நன்றாகவே உதவியது. ஆறு போட்டேன். கீழே ஒரு வரி எழுத வேண்டுமே, அதையும் யோசித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்: "நெகிழ்ச்சி உண்டு, ஆனால் எழுதியவருக்குத் தன் தாயைத் தாண்டி ஓர் உலகம் இல்லை." படித்துப் பார்த்தேன். நல்ல வரி என்று தோன்றியது. ஆறின தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த கட்டுரையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஓரகத்தியிடம் அன்பாக இருப்பது எனக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது தெரியுமா! மாலையில் படியேறும் முன் அவள் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினேன். பள்ளிக்குப் போட்டுப்போகும் என் கோட்டைக் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னேன். "வெட்டலக்கா, உள்ள மடிச்சு வச்சிருக்கேன். நாளைக்குக் கொஞ்சம் உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஒரு கணம்தான். "கெடைக்கலன்னாலும் வாலு மனச விடக்கூடாது, சொல்லி வை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்களேக்கா, அது போதும்" என்றாள். பாப்பா மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பாள்.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஒரு கூச்சல், பிறகு தடதடவென்று படியில் ஓட்டம். வாலு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா! கெடைச்சிருச்சு!"

என் கையிலிருந்த ஈரச் சட்டை நழுவிக் கீழே விழுந்தது. முதலில் வந்தது கோபம். எவனோ மூன்றாவது ஆள் படித்திருக்கிறான், தாராளம் சார் பத்து போட்டுத் தொலைத்திருக்கிறார். முகத்தில் சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷம்டி. அம்மாவைப் பத்தி அப்படி என்னதான் எழுதின?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அதை நான் தெரிந்திருக்கக் கூடாது என்று உறைத்தது.

அவளுக்கு அது உறைக்கவில்லை. "அம்மாவப் பத்தியா? நான் அப்பாவப் பத்தில்ல எழுதினேன்! அப்பா பஸ்ஸுல கடைசி ஸ்டாப் வந்தும் எறங்காம தூங்கறவங்க இருப்பாங்கல்ல, அவங்கள அப்பா எப்படியெல்லாம் எழுப்புவாருன்னு. ஒரே காமெடியா எழுதினேன்."

என் கொழுந்தனார் பஸ் ஓட்டுகிறவர். அது ஒரு நிமிஷம் என் மனதில் சும்மா நின்றது. அப்படியானால் மெஷினைப் பற்றி எழுதியது யார்? துணி கொடுக்க வருகிற ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையா? வேறு ஊரில் வேறு ஒரு தையல்காரியா? எல்லாத் தையல்காரிகளும் குண்டூசியை வாயில்தான் வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வாலுவின் முகம் மாறியது. "பாப்பாவுக்குத்தான் பெரியம்மா..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாயை மூடி நான் பார்த்தேன்.

"பாப்பாவுக்கு என்ன?"

"நீங்க கீழ வாங்களேன்."

படியிறங்கினேன். பாதிப் படியில் மெஷின் கண்ணில் பட்டது. அன்றைக்கு ஓடவில்லை. சாயங்காலம் நான் மாடிப்படி ஏறும்போது அந்தச் சத்தம் பின்னாலேயே வரும். வாலு கீழ்வீட்டில் பிறந்து கீழ்வீட்டில் தூங்குகிறவள், அவள் எதற்குச் சாயங்காலம் மாடிப்படி ஏறப்போகிறாள்? அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன்! கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு இறங்கினேன்.

பாப்பா வெட்டு மேஜையின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஓரகத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வருடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, திட்டாதீங்க. இவளும் போட்டிருந்திருக்கா. எனக்கே இப்பதான் தெரியும். இந்த ரெண்டு கழுதைங்களும் சேர்ந்து மறைச்சிருக்குங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

பாப்பா மெதுவாகத்தான் பேசுவாள். அன்றும் அப்படித்தான்.

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லிடுவ. கெடைக்கலன்னா சித்தி முன்னாடி மானம் போச்சுன்னு என்னைப் போட்டு வறுப்ப. அதுவுமில்லாம நீ அங்க கட்டுரை படிச்சு மார்க் போடற. கெடைச்சாலும் அம்மா புண்ணியத்துல வந்தவன்னு சொல்லுவாங்க. சொந்தக்காரங்க யாராவது இங்க வேலை செய்றாங்களான்னு ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க. இல்லன்னு போட்டுட்டேன். யாருன்னே தெரியாம, நியாயமா கெடைக்கணும்னு நெனச்சேம்மா."

நியாயமா என்று அவள் சொன்னபோது நான் சுவரைப் பார்த்தேன். அங்கே அளவெடுக்கும் நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சத்துல போயிருச்சு பெரியம்மா" என்றாள் வாலு பின்னாலிருந்து. "ஒரே ஒரு மார்க்."

பாப்பா போனைத் தூக்கிப் பிடித்தாள். "படிச்சவங்க ரெண்டு பேரு எழுதினதையும் போட்டிருக்காங்க. ஒருத்தர், கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லைன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் எழுதினதுதான் எனக்குப் புரியல. எழுதியவருக்குத் தன் தாயைத் தாண்டி ஓர் உலகம் இல்லைன்னு போட்டிருக்கு." அவள் நிமிர்ந்தாள். "நான் உன்னப் பத்தி ஒரு வரிகூட எழுதலியேம்மா. சித்தியப் பத்தில்ல எழுதினேன்."

ஓரகத்தியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பார்த்தது பாப்பாவை இல்லை, என்னை. "ஐயோ, என்ன பாப்பா இது, என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? அம்மாவைப் பத்தி எழுதியிருக்கலாம்ல? அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு, ஏதோ எழுதிடுச்சு." எனக்கு வலிக்குமே என்று பயந்து என் கையைப் பிடித்தாள். பிறகு அவளுக்கே கோபம் வந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஆனா எந்தப் பாவிக்கா இப்படி எழுதினது? பிள்ளை ராத்திரி பகலா உக்காந்து எழுதியிருக்கு, ஒழுங்காப் படிச்சாங்களா இல்லியா? நீங்க அங்கதானே இருக்கீங்க, போய்க் கேக்கலாம்ல?"

கேட்கலாம். அந்த ஒரு நொடியில் என் புத்தி எங்கெல்லாம் ஓடியது என்பதைச் சொன்னால் வெட்கம். நாளைக் காலை தலைமை மேடத்திடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம். நாற்காலி போகட்டும், கண்வலி என்று இங்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். கட்டுரை புதிய ஆட்களிடம் போகும். "நான் சண்டை போட்டு மறுபடி படிக்க வச்சேன்" என்று வீட்டில் நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம். ஓரகத்தி என் கையைப் பிடித்து, நீங்க இருக்கீங்களேக்கா என்பாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, அந்த ஆறு மார்க் பொருந்தியதைப் போலவே. அதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

"நான்தான்" என்றேன்.

"என்னக்கா?"

"அந்தப் பாவி நான்தான். எங்கிட்டதான் வந்துது. நான்தான் ஆறு போட்டேன்."

வாசலில் யாரோ பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார், உள்ளே பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

"குண்டூசின்னு இருந்துது. மெஷின், மேஜை, தகர டப்பா, எல்லாம் இருந்துது. உறவு எதுன்னு தெரியாது, கறுப்பா அடிச்சிருப்பாங்க. வாலு உன்னைப் பத்தி எழுதினதுன்னு நெனச்சேன்." இதை நான் ஓரகத்தியிடம் சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல். "வாலுன்னு நெனச்சுத்தான் கொறைச்சேன். தெரிஞ்சவங்க பேப்பர்னா தள்ளி வச்சிரணும். தட்டு வரைக்கும் கொண்டு போனேன். வைக்கல. நாளைக்குக் காலைல போய் மேடத்துக்கிட்ட சொல்லிடறேன். மறுபடி வேற ஆளுங்க படிப்பாங்க. கெடைச்சிரும் பாப்பா. நல்லா எழுதியிருந்த. நான் படிச்சதுலயே அதான்..."

ஓரகத்தி என் கையை விட்டுவிட்டாள். உதறவில்லை, விட்டுவிட்டாள். எழுந்துபோய் மேஜைமேல் சிந்திக்கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். வாலு தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என்னைப் பெரியம்மா என்று ஓடிவந்து கட்டிக்கொண்டவள் இப்போது தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நான் பாப்பாவின் கோபத்துக்காகக் காத்திருந்தேன். கத்தட்டும், அடிக்கட்டும், போனைத் தூக்கி எறியட்டும். அவள் கத்தவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல எப்போதும் நேரமாகும். போனைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"முழுசாப் படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"காய்ச்சல் வந்தது, மேஜைக்கு அடியில படிச்சது, சாயங்காலம் மாடி ஏறி வர்றது, எல்லாம்?"

"எல்லாம்."

"குண்டூசியத் தெரிஞ்சுது. மெஷினத் தெரிஞ்சுது. சித்தியத் தெரிஞ்சுது." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எழுதினது நான்னு மட்டும் உனக்குத் தெரியலியாம்மா?"